முதுகு வலியும் பக்கவாதமும் தலைவிதியா?

(சுமை தூக்கும் தோழர்களும் நெசவுத் தோழர்களும் பெருவாரியாக வந்திருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் கடவுளைப் பற்றியதல்ல, புராணத்தைப் பற்றியதுமல்ல. உங்கள் முதுகைப் பற்றியும், உங்கள் மூளைக்குப் போகும் இரத்தக் குழாயைப் பற்றியுமே பேச வந்திருக்கின்றோம். "இது வைத்தியர் பேச வேண்டிய விஷயமாயிற்றே, சுயமரியாதைக்காரருக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கக் கூடும். வைத்தியம் செய்வது வைத்தியர் வேலைதான். ஆனால் நோய் கண்டவனை வைத்தியரிடம் போகவொட்டாமல் பூசாரியிடமும் ஜோசியனிடமும் இழுத்துக் கொண்டு போகிற புத்தி எதுவோ, அதைப் பற்றிப் பேச வேண்டியது நம் வேலையேயாகும். அன்றியும், ஒரு மனிதனுடைய முதுகு ஏன் ஒடிகிறது என்று விசாரிக்கப் புகுந்தால், அந்த விசாரணை ஆஸ்பத்திரியோடு நிற்பதில்லை. மண்டிக்கும், தறிக்குழிக்கும், சட்டசபைக்கும் போய்த்தான் முடியும்.

முதலில் நாம் நேரில் அறிந்த ஒரு தோழருடைய கதையைச் சொல்லுகின்றோம். அவர் ஒரு மண்டியில் இருபத்தைந்து வருஷம் மூட்டை சுமந்தவர். முப்பத்தைந்து வயதிலேயே அவருக்கு இடுப்பு வலி கண்டது. வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. ஆகையால் தினம் காலையில் மருந்துக் கடையில் ஒரு வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுப் போவார். சாயங்காலம் உடம்பு வலி தெரியாமல் இருக்கக் கொஞ்சம் சாராயம். இடையிடையே பீடி. இப்படிப் பத்து வருஷத்துக்கு மேல் போயிற்று. ஒரு நாளாவது இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தவரல்ல. ஒரு நாள் விடியற்காலையில் எழுந்தவருக்கு வலது கை தூக்க வரவில்லை, வாய் ஒரு பக்கம் கோணிக் கொண்டது, பேச்சுக் குழறிற்று. வீட்டார் என்ன செய்தார்கள்? "காற்று அடித்து விட்டது" என்று மந்திரவாதியைக் கூப்பிட்டார்கள். அவன் விபூதி போட்டு வேப்பிலை அடித்தான். மறுநாள் ஒருவர் சொன்னாரென்று புறாவை அறுத்து அதன் இரத்தத்தைக் கையிலும் காலிலும் பூசினார்கள். மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு போனார்கள். அதற்குள் காரியம் மிஞ்சி விட்டது. இன்று அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய மனைவி பகலில் சித்தாள் வேலைக்குப் போய், இரவில் அவரைத் தூக்கிப் படுக்க வைத்து, இப்போது தாமும் இடுப்பைப் பிடித்துக் கொண்டு நடக்கிறார். "என்னம்மா இப்படி ஆயிற்று?" என்று கேட்டால், "என்ன அய்யா செய்கிறது, தலையில் எழுதினது" என்கிறார்.

தோழர்களே! தலையில் எழுதினவன் யார், எந்த மையால் எழுதினான் என்பதைத்தான் இன்று நாம் ஆராய வேண்டும்.

பக்கவாதம் என்பது என்ன?

பக்கவாதம், பாரிசவாயு என்பதாக நாம் சொல்லும் நோய்க்கு மேல்நாட்டாரும் முற்காலத்தில் "அடி" என்றுதான் பெயர் வைத்தார்கள். நல்லபடி இருந்த மனிதன் கண்மூடித் திறப்பதற்குள் விழுந்து விடுவதைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு கை அவனை அடித்து விட்டதாக நினைத்தார்கள். அங்கேயும் ஜனங்கள் நம்மைப் போலத்தான் இருந்தார்கள். ஆனால் அவர்களில் ஒருவர் திறந்து பார்த்தார். ஸ்விட்சர்லாந்து தேசத்து வைத்தியர் வெப்ஃபர் என்பவர், இந்நோயால் இறந்தவர்களின் தலையை அறுத்துப் பார்த்து, மூளைக்குள் இரத்தம் கசிந்து உறைந்து கிடந்ததைக் கண்டு 1658-ல் புத்தகம் வெளியிட்டார். அன்றோடு அடித்த பேய் அகப்பட்டு விட்டது. அது ஒரு இரத்தக் குழாய்!

வயலுக்கு நீர் போகும் வாய்க்காலை நினைத்துக் கொள்ளுங்கள். வாய்க்கால் அடைத்துக் கொண்டால் கடைமடைப் பயிர் காயும். கரை உடைத்துக் கொண்டால் பயிர் மூழ்கும். மூளையிலும் அப்படியே. பெரும்பாலோருக்குக் குழாய் அடைத்துக் கொள்கிறது. சிலருக்கு வெடித்து விடுகிறது. எந்தப் பாகத்துக்கு இரத்தம் போகவில்லையோ அந்தப் பாகம் ஆளுகிற கையோ, காலோ, பேச்சோ போய்விடுகிறது. இதில் வாயு பகவானுக்கும் வேலையில்லை, முனிக்கும் வேலையில்லை.

"தெய்வ குற்றத்தால்தான் வருகிறது" என்பவர்களுக்கு இரண்டு பேரைக் காட்டுகின்றோம். ருஷியாவின் லெனின் கடவுள் இல்லை என்றவர். அவருக்கு 1922 மே மாதத்தில் முதல் தடவை பக்கவாதம் கண்டு, மீண்டும் மீண்டும் வந்து, 1924 ஜனவரி 21-ல் தமது 53-ஆவது வயதில் இறந்தார். அமெரிக்காவின் ரூஸ்வெல்ட் கடவுளை நம்பிப் பிரார்த்தனை செய்தவர். அவர் 1945 ஏப்ரல் 12-ல் மூளையில் இரத்தக் குழாய் வெடித்து இறந்தார். லெனினுடைய மூளையை அறுத்துப் பார்த்ததில் குழாய்கள் தடித்துச் சுண்ணாம்பேறிக் கிடந்தன. ரூஸ்வெல்ட்டின் இரத்த அழுத்தத்தை அன்று அளந்தபோது மேல் அளவு 300, கீழ் அளவு 190 இருந்தது. இரத்தக் குழாய் ஆஸ்திகன், நாஸ்திகன் என்று பார்க்கவில்லை. ஏழை, பணக்காரன் என்றும் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரூஸ்வெல்ட்டுக்கு இரத்த அழுத்தம் அதிகம் என்பது அவர் இறப்பதற்கு ஒரு வருஷத்துக்கு முன்பே வைத்தியர்களுக்குத் தெரியும். தெரிந்தும் பயனில்லை, நல்ல மாத்திரை அன்று உலகத்திலேயே இல்லை. அது 1950-களின் கடைசியில்தான் வந்தது. அவ்வளவு பெரிய தேசத்தின் தலைவருக்குக் கிடைக்காத மாத்திரை இன்று நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. அதை வாங்கித் தின்னாமல் புறாவின் கழுத்தை அறுப்பது எவ்வளவு பரிதாபம் என்று யோசித்துப் பாருங்கள்!

பத்துக் காரணங்கள்

பக்கவாதம் ஏன் வருகிறது என்று 32 தேசங்களில், நம் தேசம் உள்பட, நோய் கண்டவர்களையும் காணாதவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, அதன் முடிவை 2016-ல் வெளியிட்டார்கள். பத்துக் காரணங்கள் சேர்ந்தே பத்தில் ஒன்பது பங்கு நோய்க்குக் கணக்குச் சொல்லி விடுகின்றன என்று கண்டார்கள். அவையாவன: உயர்ந்த இரத்த அழுத்தம், உடலுழைப்பு இன்மை, இரத்தத்தில் கெட்ட கொழுப்பு, தகாத உணவு, தொப்பை, மனக் கவலை, புகை, இருதயக் கோளாறு, மது, நீரிழிவு. வயதும் பரம்பரையும் வேறு உண்டு. அவற்றை நாம் மாற்ற முடியாது. ஆனால் இந்தப் பத்தில் ஏழரை நாட்டுச் சனி இருக்கிறதா? முன் ஜென்ம பாவம் இருக்கிறதா? நாக்குக்கு ருசியான ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் இருக்கின்றன, சனியைக் காணோம்!

இந்தப் பத்திலும் பெரியது இரத்த அழுத்தம். ஏறக்குறையப் பாதிப் பழி அதன் மேலேயே விழுகிறது. அதன் பொல்லாத குணம் என்னவென்றால், வலிப்பதில்லை. பல் சொத்தையானால் வலிக்கிறது, ஓடுகிறோம். அழுத்தம் வருஷக் கணக்கில் குழாயை அரித்துக் கொண்டிருந்தாலும் பெரும்பாலோருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. உலகத்தில் 30 முதல் 79 வயது வரை உள்ளவர்களில் 128 கோடிப் பேருக்கு இது இருக்கிறதென்றும், அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாதென்றும் உலக சுகாதார நிறுவனம் 2021-ல் கணக்குச் சொல்லிற்று. கையில் பட்டை சுற்றி அளக்கும் கருவியை இத்தாலி தேசத்து ரிவா-ரோச்சி 1896-லேயே செய்து விட்டார். ஆகவே அளந்து பார்க்க வழியில்லை என்று சொல்லுவதற்கில்லை. வெகு காலத்துக்கு முன் மேலேறின கோளைப் பார்த்துப் பலன் சொல்லுகிறவனிடம் பணம் கொடுக்கிற நாம், இந்த நிமிஷத்தில் நம் கைக்குள் ஓடுகிற இரத்தத்தைப் பார்த்துச் சொல்லுகிற கருவியிடம் இரண்டு நிமிஷம் கையை நீட்டுவதில்லை.

முதுகு யாருடையது?

நிற்க, முதுகு வலிக்கு வருவோம். உலகத்தில் மனிதரை அதிகமாக முடக்கிப் போடுவது இடுப்பு வலியே. 2020-ல் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு அது இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இது எல்லோருக்கும் வரக்கூடியதுதான். ஆனால் எல்லோருக்கும் சமமாக வருகிறதா? பளு தூக்குதல், குனிந்து திரும்பி வேலை செய்தல், ஒரே நிலையில் மணிக் கணக்காக இருத்தல், குலுங்கும் வண்டியில் நாள் முழுதும் உட்கார்ந்திருத்தல் ஆகியவற்றால் அதிகமாகிறது. மண்டியில் மூட்டை தூக்குகிறவர், குழித்தறியில் குனிந்திருப்பவர், முழங்கால் சேற்றில் நாற்று நடும் தாய்மார், முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள், பஸ், லாரி ஓட்டுகிறவர் ஆகிய இவர்களுடைய முதுகே முதலில் போகிறது. கம்ப்யூட்டர் முன் நாற்காலியில் கட்டுண்டு கிடக்கும் இளைஞரும் இதற்குத் தப்பினவரல்லர்.

இத்தாலி தேசத்து வைத்தியர் ரமட்சினி என்பவர் 1700-ல் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள் என்று வைத்தியர்களுக்குச் சொன்னார். முந்நூறு வருஷத்துக்கு மேலாயிற்று. நம் நாட்டில் தொழிலைக் கேட்பார்கள், எதற்கு? சாதியைத் தெரிந்து கொள்வதற்கு! சுமப்பவன் சுமக்கவே பிறந்தான், மற்றவருக்கு ஊழியம் செய்வதே சூத்திரனுக்கு விதித்த தர்மம் என்று மநு எழுதி வைத்தான். அப்படி எழுதின பிறகு, சுமப்பவனுடைய முதுகு வலித்தால் யார் கவலைப்படப் போகிறார்கள்? மாட்டுக்குக் கழுத்தில் புண் வந்தால் வண்டிக்காரனாவது நுகத்தடியை மாற்றிக் கட்டுவான். மனிதனுக்கோ "உன் விதி" என்று சொல்லிவிட்டால் மூட்டையை மாற்ற வேண்டியதில்லை.

மூட்டையைப் பற்றியே கேட்போம். சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967-ல், வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கத்தக்க உச்ச எடை 55 கிலோ என்று சிபாரிசு செய்தது. பிறகு அமெரிக்க அரசாங்கத்தின் தொழில் சுகாதார ஆராய்ச்சியாளர் 1990-களில் ஒரு கணக்கு வகுத்தார்கள். எல்லா வசதியும் பொருந்தி, பொருள் உடம்புக்கு அருகிலேயே இருந்து, குனியாமல், திரும்பாமல் தூக்குவதானாலும் 23 கிலோவுக்கு மேற்படலாகாது என்பது அந்தக் கணக்கு. இன்று பிரிட்டனில் விற்கும் சிமெண்ட் மூட்டை சாதாரணமாக 25 கிலோ. நம் ஊரில் 50 கிலோ. அங்கேயும் சிமெண்ட் அதே சிமெண்ட்தானே! அங்குள்ளவன் முதுகெலும்பு ஒரு மாதிரியாகவும் நம் முதுகெலும்பு வேறு மாதிரியாகவும் இருக்கிறதா? இல்லை. அங்கே முதுகுக்கு ஏற்றபடி மூட்டையைத் தைத்தார்கள். இங்கே மூட்டைக்கு ஏற்றபடி முதுகை வளைக்கச் சொல்லுகிறார்கள்.

"தூக்கும் முறை தெரியாமல் தூக்குகிறான், சரியாகத் தூக்கக் கற்றுக் கொடுத்தால் போதும், இடுப்பில் ஒரு பட்டை கட்டிக் கொண்டால் போதும்" என்று சொல்லுகிற முதலாளிகள் உண்டு. தூக்கும் முறையைக் கற்றுக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அந்தப் போதனையால் மாத்திரம் முதுகு வலி தடுக்கப்பட்டதாக ஆராய்ச்சிகளில் காணப்படவில்லை. பட்டையால் தடுக்கப்பட்டதாகவும் காணப்படவில்லை. பளுவையும் குனிதலையும் குறைக்க வேண்டியவர்கள், பழியைத் தொழிலாளி தலையில் போட்டுத் தப்பித்துக் கொள்ளுகிறார்கள்.

ஒன்றிலிருந்து மற்றொன்று

இப்போது நாம் முதலில் சொன்ன தோழரிடம் திரும்பி வாருங்கள். அவருக்கு வந்தவை இரண்டு நோயல்ல, ஒரே சங்கிலி. பளுவினால் முதுகு வலி வந்தது. வலியினால் தினம் மாத்திரை தின்றார். டைக்ளோபினாக், ஐபுப்ரோபென் முதலான அந்த வலி மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை ஏற்றக் கூடியவை. இந்த வகை மருந்துகளால் மாரடைப்பும் பக்கவாதமும் வரக் கூடும் என்ற எச்சரிக்கையை அமெரிக்க மருந்து அதிகாரிகள் 2015-ல் இன்னும் கடுமையாக்கினார்கள். வைத்தியர் சொல்லிச் சில நாள் தின்பது வேறு. கடைக்காரன் கொடுத்ததைப் பத்து வருஷம் தின்பது வேறு. வலியை மறக்கக் குடித்தார். மது அழுத்தத்தை ஏற்றிற்று. பீடி குடித்தார்; புகை குழாயைக் கெடுத்தது. அந்தப் புகையே முதுகு வலிக்கும் ஒரு காரணம் என்று கண்டிருக்கிறார்கள். கடைசியில் ஒரு நாள் குழாய் கை விட்டது. பிறகு அவரைத் தூக்கித் தூக்கி அவர் மனைவியின் இடுப்புப் போயிற்று. இதில் எந்தக் கண்ணியைப் பிரம்மா செய்தான்?

இந்தச் சங்கிலியில் இன்னொரு கண்ணி வேலை நேரம். வாரத்தில் 55 மணியும் அதற்கு மேலும் வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி வேலை செய்கிறவர்களை விடப் பக்கவாதம் வரும் அபாயம் நூற்றுக்கு 35 பங்கு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் 2021-ல் கூட்டாகச் சொல்லின. 2016-ஆம் வருஷத்தில் மாத்திரம் இப்படி நீண்ட நேர வேலையால் பக்கவாதத்திலும் இருதய நோயிலும் இறந்தவர் 7 லட்சத்து 45 ஆயிரம் பேர். அவர்களில் பக்கவாதத்தால் போனவர் 3 லட்சத்து 98 ஆயிரம் பேர் என்றும் கணக்கிட்டார்கள். யுத்தத்தில் இத்தனை பேர் மாண்டால் உலகமே அலறும். தறியிலும் லாரியிலும் மாண்டால் "ஆயுசு அவ்வளவுதான்" என்கிறோம்.

தோழர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் 1923 மே முதல் நாள் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். சரியாக நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி வரை வேலை வாங்க இடமளிக்கும் மசோதா தமிழ்நாட்டுச் சட்டசபையில் நிறைவேறிற்று. தொழிலாளர் கூட்டங்கள் எதிர்த்தன. அவ்வருஷத்து மே தினத்தன்றே அது வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. அதற்காக எவரும் யாகம் செய்யவில்லை. கூடி நின்று கேட்டார்கள், கிடைத்தது. அதுபோலவே கடைகளில் நாள் முழுதும் நின்று கொண்டே வேலை செய்யும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் உட்கார ஆசனம் போட வேண்டும் என்று கேரளத்தில் 2018-லும், தமிழ்நாட்டில் 2021-லும் சட்டம் வந்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது, பாருங்கள்! மேல் சாதிக்காரன் எதிரில் கீழ் சாதிக்காரன் உட்காரக் கூடாது என்ற பழக்கமே ஜவுளிக் கடைக்குள் முதலாளி, வேலைக்காரி என்று வேஷம் மாறி நின்றது. ஆகவே ஆசனம் என்பது முதுகுக்கு மாத்திரமல்ல, மானத்துக்கும் உரியது.

செய்ய வேண்டியவை

வெறும் பேச்சால் பயனில்லை. ஆதலால் நீங்கள் செய்யக் கூடியவை சிலவற்றைச் சொல்லி முடிக்கின்றோம்.

முதலாவது, முப்பது வயதான ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் பார்த்துக் கொள்ளுங்கள். 140-க்கு 90 என்ற அளவோ அதற்கு மேலோ பல தடவை அளந்தும் இருக்குமானால் வைத்தியரிடம் போங்கள். மாத்திரை கொடுத்தால் "நன்றாய்த்தான் இருக்கிறேன்" என்று நிறுத்தி விடாதீர்கள். மாத்திரையினால்தான் நன்றாய் இருக்கிறீர்கள். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு கரண்டிக்குள் இருக்கட்டும். பீடி, புகையிலை, சாராயம் ஆகியவற்றை விட்டொழியுங்கள்.

இரண்டாவது, முகம் ஒரு பக்கம் கோணினாலும், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தாலும், பேச்சுக் குழறினாலும், அது பக்கவாதமென்றே எண்ணி உடனே 108-க்குச் சொல்லுங்கள். மூளையில் பெரிய குழாய் அடைத்துக் கொண்டால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. அடைப்பைக் கரைக்கும் ஊசி உண்டு. ஆனால் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு முன்னால் போடுகிறார்களோ அவ்வளவு நல்லது. வாயில் தண்ணீரோ கஷாயமோ மாத்திரையோ ஊற்றாதீர்கள். விழுங்க முடியாமல் மூச்சுக் குழலுக்குள் போய்விடும். அந்த நாலரை மணி நேரத்தைத்தான் மந்திரவாதி திருடுகிறான். அவன் வாங்குகிற காணிக்கை போகட்டும். அவன் திருடுகிற நேரம் திரும்பி வராது.

மூன்றாவது, இடுப்பு வலி கண்டால் பயந்து மாதக் கணக்கில் படுத்து விடாதீர்கள். பெரும்பாலான வலி சில வாரங்களில் தணிகிறது. முடிந்த அளவு நடமாடுவதே நல்லது. ஆனால் சிறுநீர், மலம் அடங்காமற் போனாலும், தொடையிடுக்கு மரத்தாலும், கால் பலம் குறைந்தாலும், காய்ச்சலோ காரணமில்லாத இளைப்போ சேர்ந்து வந்தாலும் தாமதியாமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

நான்காவது, தனித் தனியாகச் செய்ய முடியாததைக் கூடிச் செய்யுங்கள். மூட்டையின் எடையைக் குறைக்கக் கேளுங்கள், தள்ளுவண்டி கேளுங்கள், வேலைக்கு நடுவில் ஓய்வு கேளுங்கள், உட்கார ஆசனம் கேளுங்கள், நேரத்துக்கு வரம்பு கேளுங்கள். கோவில் உண்டியலில் வெள்ளியாலான கையும் காலும் போடுகிற பணத்தைச் சேர்த்தால், ஒவ்வொரு சங்கத்துக்கும் இரத்த அழுத்தம் அளக்கும் கருவி ஒன்று வாங்கி விடலாம். வெள்ளிக் கால் வாங்கிக் கொண்ட சாமி எவனுக்கும் நடக்கும் கால் கொடுத்ததில்லை. அந்தக் கோவில் குருக்களுக்கே பக்கவாதம் வந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்.

தோழர்களே! நாம் சொன்னதை நாம் சொன்னோம் என்பதற்காக நீங்கள் நம்ப வேண்டியதில்லை. உங்கள் சொந்தப் புத்தியைக் கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டதை எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு காரியம் மாத்திரம் செய்யுங்கள். நாளைக் காலையில் வேலைக்குப் போகும் வழியில் கையை நீட்டி அழுத்தத்தை அளந்து, அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். தலையில் எழுதினதை எவரும் படித்ததில்லை. இந்த எழுத்தையோ உங்கள் பிள்ளையே படித்துச் சொல்லும். கூடியிருந்தால் குறைக்கவும் வழியுண்டு.